திமிங்கிலம் எண்ணும் வேலை

‘திமிங்கிலம் எண்ணத் தெரிந்தவர்கள் தேவை. பணியிடம்: உறைந்த கடல். பணி நேரம்: பனி விலகிக் கடல் தெரியும் நேரமெல்லாம்.’ நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இப்படி ஒரு விளம்பரம் வந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். விளம்பர வாசகம் என் கற்பனை. வேலை கற்பனை அல்ல. அலாஸ்காவின் வடகோடியில், 71 பாகை வட அட்சத்தில் உள்ள உட்கியாக்விக் என்ற ஊரில் அதைச் செய்து சம்பளம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு வரை வரைபடங்களில் இந்த ஊரின் பெயர் பாரோ. அவ்வாண்டு ஊர்மக்கள் வாக்களித்துத் தங்கள் பழைய இனுப்பியாக் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

வேலை இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் கரையோடு ஒட்டிக் கிடக்கும் பனித்தட்டுக்கும் அப்பால் நகரும் பனிக்கும் நடுவே ஒரு நீர்ப்பாதை திறக்கும். பெரிங் கடலில் குளிர்காலத்தைக் கழித்த போஹெட் திமிங்கிலங்கள் அவ்வழியே கிழக்கே போகும். வில்போல வளைந்த பெருந்தலை கொண்டதால் அவற்றுக்கு அந்தப் பெயர். பனிப்பாறைகள் மோதி உயர்ந்த மேடு ஒன்றின் உச்சியைச் செதுக்கி, அதன்மேல் முறைவைத்து நின்று, மூச்சுவிட மேலே வரும் ஒவ்வொரு முதுகையும் குறித்துக்கொள்ள வேண்டும். நில அளவையில் பயன்படும் தியோடலைட் கருவியால் அது எங்கே, எவ்வளவு தொலைவில் என்று கணிக்க வேண்டும். முன்னால் போனதே மறுபடி எழுந்ததா, புதியதா என்று முடிவு செய்ய வேண்டும். பின்னால் பனிக்கரடி வருகிறதா என்று ஒருவர் துப்பாக்கியோடு பார்த்துக்கொண்டிருப்பார். நிற்கும் தட்டே பிளந்து கடலுக்குள் நகரத் தொடங்கினால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கரைக்கு ஓட வேண்டும்.

துருவ ஆய்வுத் துறையில் உள்ள வாய்ப்புகள் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலும் இத்தகைய வேலை இடம்பெறுவதில்லை. தாடியில் பனி உறைந்த இளைஞர், அடிவானம் வரை வெண்மை, ஓரத்தில் ஒரு கொடி. படத்துக்குக் கீழே பனியாறு இயல், கடலியல், நுண்ணுயிரியல், வளிமண்டல இயற்பியல் என்று துறைகளின் பட்டியல். அதற்குக் கீழே கல்வித் தகுதி. தவறான செய்தி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் வெற்றுநிலம் மட்டும்தான் இருக்கிறது. ஊர் இல்லை, மனிதர் இல்லை. இத்துறைக்குப் போக விரும்பும் ஒருவரிடம் முதலில் சொல்லவேண்டியது அங்கே ஊர் இருக்கிறது என்பதைத்தான். வட துருவ வட்டாரத்தின் பெரும்பகுதி யாரோ வாழும் இடம். அங்கே நல்ல விஞ்ஞானியாக இருப்பதற்கான முதல் தகுதி அந்த ஊர்க்காரர் சொல்வதை ஒரு தரவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் என்பது என் கருத்து. இதை நல்லெண்ணத்தால் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் இல்லாததால் விஞ்ஞானமே ஒரு முறை கணக்கில் தவறியிருக்கிறது. அதன் விலையைக் கொடுக்கவிருந்தவர்கள் உட்கியாக்விக் மக்கள்.

*

1977ஆம் ஆண்டு ஜூன் மாதம் சர்வதேசத் திமிங்கில ஆணையம் கூடியது. போஹெட் திமிங்கிலங்கள் அழிவின் விளிம்பில் இருக்கின்றன, மொத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டாது என்பது அன்றைய விஞ்ஞானிகளின் மதிப்பீடு. ஆகவே தொல்குடியினருக்கு அதுவரை இருந்த விலக்கு நீக்கப்பட்டது. ஒரு திமிங்கிலம்கூடப் பிடிக்கக்கூடாது.

இந்தத் தீர்ப்பு இனுப்பியாட் மக்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் முயன்றுதான் புரிந்துகொள்ள வேண்டும். அந்த நிலத்தில் மரம் இல்லை, பயிர் இல்லை. தாடிச் சீலின் தோலால் தைத்த உமியாக் என்னும் படகில் போய் ஒரு திமிங்கிலத்தைக் கொண்டுவந்தால் அதன் இறைச்சியும் தோலும் ஊர் முழுவதற்கும் பங்கு போகும். விலைக்கு விற்பது கிடையாது. வேட்டை நன்றாக அமைந்தால் ஜூனில் நலுகடாக் என்னும் திருவிழா நடக்கும். யாருக்கு யார் உறவு, யார் யாருக்குக் கடன்பட்டவர், ஒரு சிறுவன் எப்போது ஆளாகிறான் என்பதெல்லாம் அந்தப் பங்கீட்டோடு பிணைந்தவை. நமக்குப் பழக்கமான உவமை சொல்வதானால், காவிரிப் படுகை ஊர் ஒன்றிடம் இனி நெல் விதைக்கக்கூடாது என்று எங்கோ கூடிய ஒரு சபை சொல்வதைப் போன்றது.

இதில் இன்னொரு கசப்பு உண்டு. அந்தத் திமிங்கிலங்களைக் கொன்று குவித்தவர்கள் இனுப்பியாட் அல்லர். 1848இல் முதல் அமெரிக்க வேட்டைக் கப்பல் பெரிங் நீரிணையைத் தாண்டி வடக்கே போனது. அதற்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல், விளக்கெரிக்க எண்ணெய்க்காகவும், பெண்களின் இடைக்கச்சையை விறைப்பாக்க உதவிய வாய்த்தகடுகளுக்காகவும் வணிகக் கப்பல்கள் அவற்றை வேட்டையாடின. எண்ணெய்க்குப் பதிலாக மண்ணெண்ணெயும், தகட்டுக்குப் பதிலாக எஃகும் வந்தபிறகு கப்பல்கள் போய்விட்டன. எஞ்சிய திமிங்கிலங்களோடு எஞ்சியிருந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கணக்குத் தீர்க்கும் நாள் வந்தபோது அங்கே இருந்தவர்களும் அவர்கள்தான்.

தடையைக் கேட்டதும் வேட்டைக் குழுத் தலைவர்கள் சொன்னது: உங்கள் எண்ணிக்கை தவறு. நீங்கள் திறந்த நீர்ப்பாதையைப் பார்த்து எண்ணுகிறீர்கள். பாதை மூடிக்கொண்டால் திமிங்கிலம் நின்றுவிடும் என்று நினைக்கிறீர்கள். அது நிற்காது. பனிக்கு அடியிலேயே போகும். மூச்சு முட்டினால் தலையால் மோதிப் பனியை உடைத்துக்கொள்ளும். கரையோரம் மட்டும் போவதும் இல்லை. உங்கள் கண்ணுக்கெட்டாத தொலைவிலும் அகலமாகப் பரவிப் போகிறது.

அன்றைய விஞ்ஞானிகள் பொய் சொல்லவில்லை. தாங்கள் கண்டதை நேர்மையாக எண்ணினார்கள். காணாதது இல்லை என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. வேட்டைக்காரர் சொன்னதோ, வேட்டையாட விரும்புகிறவர் வேறென்ன சொல்வார் என்ற ஒரே வரியில் தள்ளக்கூடியதாக இருந்தது. அப்படித் தள்ளியவர்களும் உண்டு.

*

இதற்குப் பின் நடந்ததுதான் இக்கட்டுரைக்குக் காரணம். இனுப்பியாட் மக்கள் ஊர்வலத்தோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில வேட்டையர் ஆணையத்தை நிறுவினார்கள். டிசம்பரில் டோக்கியோவில் நடந்த சிறப்புக் கூட்டத்தில், 1978ஆம் ஆண்டுக்கு 12 திமிங்கிலங்களைக் கரைசேர்க்கலாம் அல்லது 18 மீது ஈட்டி படலாம், எது முதலில் நிறைகிறதோ அத்தோடு நிறுத்த வேண்டும் என்ற சிறு அளவு கிடைத்தது. பிறகு அவர்கள் செய்த காரியம், விஞ்ஞானிகளை வேலைக்கு வைத்தது.

நார்த் ஸ்லோப் வட்டார நிர்வாகம் என்பது நம் மாவட்ட ஊராட்சியை ஒத்த ஓர் உள்ளாட்சி அமைப்பு. 1972இல் அமைந்தது. 1968இல் அந்த வட்டாரத்தின் புரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. எண்ணெய் நிறுவனங்களின் சொத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் தங்கள் கையில் இருக்கவேண்டும் என்று போராடி அதைப் பெற்றவர் முதல் மேயர் எபன் ஹாப்சன். அந்த வரிப்பணத்தில் பள்ளி கட்டினார்கள், சாலை போட்டார்கள். தங்களுக்கென ஒரு வனவிலங்குத் துறையையும் ஏற்படுத்தினார்கள்.

அத்துறையில் ஆய்வுகளை வழிநடத்திய டாம் ஆல்பர்ட் ஒரு விலங்கு மருத்துவர். அவருக்கு ஆசானாக வாய்த்தவர் ஹாரி பிரோவர் என்ற மூத்த வேட்டைத் தலைவர். 1924இல் பிறந்தவர், தந்தை அங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கத் திமிங்கில வணிகர், தாய் இனுப்பியாக். பனிக்கடியில் திமிங்கிலம் போகிறது என்பதை ஆல்பர்ட்டுக்குப் பொறுமையாக விளக்கியவர் இவர். ஆல்பர்ட் அதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, கதையாக ஒதுக்கவும் இல்லை. சோதிக்கத்தக்க ஒரு கூற்றாக எடுத்துக்கொண்டார். கூற்று சரியென்றால், பாதை மூடியிருக்கும் நாட்களிலும் பனிக்கடியில் திமிங்கிலத்தின் குரல் கேட்க வேண்டும்.

1980களின் நடுவில் கிறிஸ்டஃபர் கிளார்க் போன்றவர்களின் துணையோடு நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். குரல் கேட்டது. மேட்டில் நின்றவர்கள் ஒன்றும் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டிருந்த நேரங்களிலும் கீழே திமிங்கிலங்கள் போய்க்கொண்டிருந்தன. பல ஒலிவாங்கிகளில் ஒரே குரல் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து அது எங்கிருந்து வருகிறது என்று கணிக்க முடிந்தது. கரையிலிருந்து பார்வைக்கு எட்டாத தொலைவிலும் இருந்தன. கண்ணால் எண்ணியதோடு காதால் கேட்டதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. 2001இல் நடந்த கணக்கெடுப்பு பத்தாயிரத்துக்கும் மேல் என்றது. 2011இல் பதினாறாயிரத்துக்கும் மேல். இதில் ஒரு பகுதி உண்மையான பெருக்கம். இன்னொரு பகுதி முன்பு எண்ணப்படாமல் போனது. 2018இல் பிரேசிலில் கூடிய அதே ஆணையம், அலாஸ்காவுக்கும் ரஷ்யாவின் சுகோட்காவுக்கும் சேர்த்து 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளுக்கு 392 திமிங்கிலங்களை அனுமதித்தது.

தமிழில் ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு வினா என்றும் கேட்டறிதல் என்றும் இரு பொருள் உண்டு. வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் சொல்லிமுடித்த கையோடு கேள்விக்கு ஒரு அதிகாரம் வைத்தார். ஹாரி பிரோவர் சொன்னதைக் கேட்டது, அதிலிருந்து வினா எழுப்பியது, கடலுக்கடியில் காது வைத்தது ஆகிய மூன்றையும் அந்த ஒரு சொல்லே குறித்துவிடுகிறது.

*

இவ்விடத்தில் வாசகர்களில் சிலருக்கு எழக்கூடிய ஐயங்கள் நியாயமானவை. வேட்டைக்காரர்களே சம்பளம் கொடுத்து விஞ்ஞானிகளை வைத்துக்கொண்டால் அவர்களுக்கு வேண்டிய எண்தானே வரும்? சிகரெட் நிறுவனங்கள் செய்ததும் அதுதானே? இரண்டாவது, அந்தச் சம்பளம் எண்ணெய் வரியிலிருந்து வருகிறது. துருவப் பனி உருகுவதற்குக் காரணமான அதே எண்ணெய். மூன்றாவது, எத்தனை இருந்தால் என்ன, திமிங்கிலத்தைக் கொல்லலாமா?

முதல் ஐயத்துக்கு என் பதில் இது. சம்பளம் யார் கொடுக்கிறார் என்பது முக்கியம்தான். ஆனால் முடிவைச் சரிபார்க்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். இந்தக் கணக்குகள் ஆணையத்தின் அறிவியல் குழுவின் முன் வைக்கப்பட்டு, வேட்டையை எதிர்க்கும் நாடுகளின் விஞ்ஞானிகளும் அமர்ந்த அவையில் துருவித்துருவி ஆராயப்பட்டவை. தவிர, ஒலிவாங்கியை இறக்கிய அன்று அதில் குரல் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கேட்காமல் போயிருந்தால் தங்கள் பணத்திலேயே தங்கள் வேட்டைக்கு முடிவுரை எழுதியிருப்பார்கள். விடை எதுவாக இருந்தாலும் ஏற்கும் துணிவோடு கேட்கப்படும் வினாவைத்தான் நாம் ஆராய்ச்சி என்கிறோம்.

இரண்டாவது ஐயத்துக்கு என்னிடம் வசதியான பதில் இல்லை. அது ஒரு முரண், அந்த ஊர் அதோடுதான் வாழ்கிறது. நிலத்தடியில் குடைந்து இறைச்சியைச் சேமிக்கும் உறைமண் அறைகள் சில ஈரம் கசிந்து பயன்படாமல் போகின்றன. பள்ளி நடப்பதோ எண்ணெய் வரியில். தமிழ்நாட்டில் ஆலைக் கழிவால் ஆறு கெட்ட ஊர்களில் அதே ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்களை நாம் அறிவோம். தூரத்திலிருந்து இம்முரணைச் சுட்டிக்காட்டுவது எளிது.

மூன்றாவது ஒழுக்கவியல் கேள்வி. அதைக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் 1977இல் வைக்கப்பட்ட வாதம் அது அல்ல. எண்ணிக்கை குறைவு என்பதே அன்றைய வாதம். எண்ணால் தடுத்தவர்களுக்கு எண்ணால் பதில் சொன்னார்கள்.

*

இத்தகைய துறையில் ஒரு மனிதரின் பணிவாழ்வு எப்படி அமையும் என்பதற்கு கிரெய்க் ஜார்ஜ் நல்ல உதாரணம். இலக்கிய வாசகர்களுக்கு அவருடைய தாயைத் தெரிந்திருக்கலாம். ஜீன் கிரெய்க்ஹெட் ஜார்ஜ், 1972இல் வெளிவந்து அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற ‘ஜூலி ஆஃப் தி வுல்வ்ஸ்’ நாவலின் ஆசிரியர். ஓநாய்களைப் பற்றி அறிய பாரோவில் இருந்த ஆய்வகத்துக்குப் போய்வந்த அனுபவத்திலிருந்து எழுதியது. பல தலைமுறைக் குழந்தைகள் விரும்பிப் படித்த அந்த நாவல் தங்கள் வாழ்க்கையைச் சரியாகக் காட்டவில்லை என்று இனுப்பியாட் வாசகர்கள் சிலர் பின்னாளில் விமர்சித்தார்கள்.

தாய் போய்வந்தார், மகன் போய்த் தங்கிவிட்டார். 1970களின் பிற்பகுதியில் ஆய்வகத்து விலங்குகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தவர், பின்னர் வட்டார நிர்வாகத்தின் வனவிலங்குத் துறைக்கு வந்து, பல பத்தாண்டுகள் பனிமேட்டில் நின்று எண்ணினார். ஊர் கொண்டுவந்த திமிங்கிலங்களை வேட்டைக்காரர்களோடு சேர்ந்து நின்று அளந்தார். அறுக்கும்போது கொழுப்புக்குள் பழைய கல் ஈட்டிமுனைகள் அவ்வப்போது கிடைத்தன. அத்தகைய முனைகள் வழக்கொழிந்து ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. அப்படியானால் இந்த விலங்கின் வயது என்ன? கண் வில்லையில் உள்ள அமினோ அமிலத்தின் மாற்றத்தை வைத்து வயதைக் கணித்து அவரும் வேறு சிலரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு திமிங்கிலத்தின் வயது ஏறத்தாழ 211 என்று வந்தது. பிழைக்கு இடமுள்ள மதிப்பீடுதான்; இருந்தும் நூறாண்டைத் தாண்டியவை பல இருந்தன. 2007இல் பிடிபட்ட ஒன்றின் உடலில் 1879இல் காப்புரிமை பெற்ற வெடி ஈட்டியின் துண்டு இருந்தது. வணிகக் கப்பல்களிடமிருந்து தப்பிப் பிழைத்த விலங்கு.

கிரெய்க் ஜார்ஜ் முனைவர் பட்டம் பெற்றது 2009இல். அந்த ஊருக்கு வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின். வேலைவாய்ப்புப் பக்கங்கள் சொல்லும் வரிசைக்கு இது நேர் எதிர். 2023இல் ஒரு ஆற்றுப் பயணத்தின்போது விபத்தில் இறந்தார். எல்லோரும் பட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று இதிலிருந்து நான் சொல்லவில்லை. ஈட்டிமுனை கிடைக்கும்போது அங்கே இருப்பதற்குச் சில பத்தாண்டுகள் அங்கே இருந்தாக வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

தங்கியிருப்பதன் மதிப்பை அதே ஊரின் இன்னொரு சம்பவம் காட்டும். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனம் 1973 முதல் அங்கே ஒரு கண்காணிப்பு நிலையத்தை நடத்திவருகிறது. காற்றில் உள்ள கரியமில வாயு முதலானவற்றை இடைவிடாது அளப்பது அதன் வேலை. 2017 டிசம்பரில் அந்நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மாதாந்தர அறிக்கை தயாரித்தபோது உட்கியாக்விக்கின் வெப்பநிலைப் பதிவுகள் காணாமல் போயிருந்தன. 2017 முழுவதும் இல்லை. 2016இன் கடைசி மாதங்களும் இல்லை. பதிவுகளின் தரத்தைச் சோதிக்கும் கணினி நிரல்தான் அவற்றை நீக்கியிருந்தது. கருவி பழுதானாலோ இடம் மாறினாலோ எண்கள் திடீரென மாறும். அவற்றைப் பிடிப்பதற்காக எழுதப்பட்ட நிரல் அது. அந்த ஊர் அத்தனை வேகமாகச் சூடாகியிருந்ததால் கருவிதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிட்டது. தெற்கே இருந்த கணினி நம்பவில்லை. கடற்பனி தாமதமாக உறைவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு அதில் ஐயம் இருந்திருக்காது.

*

இப்போது வேலைக்கு வருவோம். இத்தகைய வேலைகள் யாருக்குக் கிடைக்கின்றன? வடக்கின் பல இடங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு இது: ஆய்வாளர் கோடையில் தெற்கிலிருந்து வருவார், ஊர்க்காரர் வழிகாட்டியாக, பனி ஊர்தி ஓட்டுநராக, கரடிக் காவலராக நாள்கூலிக்குச் சேர்வார், கோடை முடிந்ததும் ஆய்வாளரும் தரவும் தெற்கே போய்விடும், கட்டுரையில் ஆய்வாளர் பெயர் இருக்கும். கனடாவின் இனுயிட் மக்களின் தேசிய அமைப்பு 2018இல் ஆராய்ச்சிக்கென ஓர் உத்தியை வெளியிட்டபோது அதன் மையமான கோரிக்கை, எதை ஆராய்வது, தரவு யாரிடம் இருப்பது, நிதி யார் வழியாக வருவது என்பதில் தங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்பதுதான்.

உட்கியாக்விக்கில் ஒரு கட்டடம் உண்டு. 1947இல் அமெரிக்கக் கடற்படை அங்கே அமைத்த ஆர்க்டிக் ஆய்வகத்தின் கட்டடம். கிரெய்க் ஜார்ஜ் விலங்குகளுக்குத் தீனி வைத்தது அந்த ஆய்வகத்தில்தான். கடற்படை 1980களின் தொடக்கத்தில் விலகியது. இன்று அக்கட்டடத்தில் இளிசாக்விக் கல்லூரி நடக்கிறது. அலாஸ்காவின் பழங்குடிக் கல்லூரி. வழிகாட்டியாகச் சேர்ந்தவரின் பேத்தி அதே கூரையின் கீழ் மாணவியாக அமர வாய்ப்பிருக்கிறது என்பது சிறிய மாற்றம் அல்ல.

ஆனால் இது பத்திரமான துறை என்று யாரும் நினைக்க வேண்டாம். கனடாவின் யுரேகாவில், 80 பாகை வடக்கில் இருந்த வளிமண்டல ஆய்வுநிலையம் நிதி இல்லாமல் 2012இல் ஆண்டு முழுவதும் இயங்குவதை நிறுத்திக்கொண்டது; அடுத்த ஆண்டுதான் புதிய நிதி அறிவிக்கப்பட்டது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த அளவீடுகளில் பெரும்பகுதி மேற்கத்திய ஆய்வாளர்களுக்கு எட்டாமல் போயிற்று. 2025இல் வெள்ளை மாளிகை முன்வைத்த வரவுசெலவுத் திட்டம், கடல், வளிமண்டல நிறுவனத்தின் தட்பவெப்ப ஆய்வகங்களுக்கான நிதியை அடியோடு நிறுத்தச் சொன்னது. நீண்ட தொடர் அளவீட்டில் ஓர் ஆண்டு விடுபட்டால் அதைப் பின்னால் போய் அளக்க முடியாது. இத்துறையில் சேரும் இளைஞர் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே வாழப் பழக வேண்டும். முப்பது ஆண்டு தங்குவதே அறிவைத் தரும் துறையில் மூன்றாண்டுக்கு மேல் வேலை தராதிருப்பது விந்தை.

*

கடைசியாக, இதைப் படிக்கும் தமிழ் இளைஞருக்கும் அவரின் பெற்றோருக்கும். கதவு மூடியிருக்கவில்லை. கோவாவில் 1998இல் தொடங்கிய தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம்தான் இந்தியாவிலிருந்து செல்வதற்கான முதன்மையான வழி. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், நி-ஓலெசுண்ட் என்ற இடத்தில், இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இயங்குகிறது. 2014இல் அருகிலுள்ள கடற்கழியில் இண்டார்க் என்ற அளவைக் கருவித்தொகுதி இறக்கப்பட்டது. 2023 டிசம்பரில் முதன்முறையாக ஓர் இந்தியக் குழு துருவ இரவில் தங்கி ஆய்வு செய்யப் போனது. அண்டார்ட்டிகாவின் மைத்ரி, பாரதி நிலையங்களில் குளிர்காலம் முழுவதும் தங்கும் குழுக்களில் விஞ்ஞானிகள் மட்டும் இருப்பதில்லை. மருத்துவர், சமையல்காரர், மின்பணியாளர், வாகன மெக்கானிக் இல்லாமல் அங்கே ஒரு வாரம்கூட ஓடாது. தொழிற்கல்வி முடித்தவருக்கும் அங்கே இடம் உண்டு என்பதைப் பலரும் அறிவதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஸ்வால்பார்டுக்குப் பூர்வகுடிகள் இல்லை. நி-ஓலெசுண்ட் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர்; 1962இல் 21 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு சுரங்கம் மூடப்பட்டு ஆய்வு ஊராயிற்று. நுண்ணிய அலைவாங்கிக் கருவிகளுக்கு இடையூறாகும் என்று அங்கே வைஃபையும் புளூடூத்தும் தடை செய்யப்பட்டவை. அமைதியான, ஒழுங்கான இடம். அங்கே கேட்பதற்கு ஊர்க்கிழவர் யாரும் இல்லை. நம்மவர்கள் முதலில் காண்பது இந்த ஆர்க்டிக்கைத்தான். அதைக் கண்டு ஆர்க்டிக் முழுவதுமே ஆளில்லாத ஆய்வுக்கூடம் என்ற எண்ணத்தோடு திரும்பிவிட வாய்ப்பிருக்கிறது. அலாஸ்காவிலோ, நுனாவுட்டிலோ, கிரீன்லாந்திலோ பணியிடம் கிடைத்தால் அந்த எண்ணத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

உட்கியாக்விக்கில் எண்ணும் வேலை முடிந்துவிடவில்லை. 2019இல் பனிமேட்டிலிருந்தும் விமானத்திலிருந்தும் எண்ணினார்கள். இரண்டு கணக்குகளும் ஒத்துவரவில்லை. கரைப்பனி மெலிந்துகொண்டே போவதால் மேட்டில் நிற்பதே ஆபத்தாகிவருகிறது. புதிய முறை வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப்போகிறவர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம், எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரலாம். போனதும் கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன், இந்த ஆண்டு திமிங்கிலங்கள் எப்படிப் போகின்றன என்று அங்கே ஒருவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.